ரிஹாப் சென்டரைத் தேர்ந்தெடுக்க ஒரே நாள் அவகாசம்: எதைப் பார்ப்பது, எதில் கையெழுத்துப் போடக் கூடாது?

கேள்வி: நாங்கள் நியூ ஜெர்சியில் இருக்கிறோம். என் அம்மாவுக்கு 76 வயது. திங்கள் இரவு குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது. அன்று இரவு முழுவதும் ‘ஆப்சர்வேஷன்’ என்று எமர்ஜென்சியில் வைத்திருந்தார்கள். செவ்வாய் காலை அட்மிட் செய்து, மாலையில் அறுவை சிகிச்சை செய்தார்கள். இன்று புதன். வியாழன் மாலை அல்லது வெள்ளி காலை டிஸ்சார்ஜ் என்கிறார்கள். அப்புறம் நடக்கப் பழக்க, ரிஹாப் வசதியுள்ள நர்சிங் ஹோமில் (நர்ஸ்கள் பார்த்துக்கொள்ளும் பராமரிப்பு இல்லத்தில்) சில வாரங்கள் இருக்க வேண்டுமாம். கேஸ் மேனேஜர் ஒரு பட்டியலைக் கொடுத்து, நாளை மதியத்துக்குள் சொல்லுங்கள் என்கிறார். வீட்டிலிருந்து 10 நிமிடத்தில் ஒரு 4 ஸ்டார் இடம், 40 நிமிடத்தில் ஒரு 5 ஸ்டார் இடம் இருக்கின்றன. இன்னொன்று 2 ஸ்டார்தான், ஆனால் அங்கே இந்தியச் சைவ உணவு உண்டு. அம்மாவுக்குத் தமிழ் மட்டுமே தெரியும், சுத்த சைவம். அப்பாவின் வேலைக் கணக்கில் ஒரிஜினல் மெடிகேர் (அரசே நேரடியாக நடத்தும் முதியோர் மருத்துவக் காப்பீடு) இருக்கிறது. எதைத் தேர்ந்தெடுப்பது? 4 ஸ்டார் இடத்தில் கேட்டபோது ஒரு பெரிய அட்மிஷன் பாரத்தை அனுப்பி, என்னை ‘ரெஸ்பான்ஸிபிள் பார்ட்டி’ என்று கையெழுத்துப் போடச் சொல்கிறார்கள். போடலாமா?

பதில்: முதலில் டிஸ்சார்ஜ் கிழமையைப் பார்ப்போம். நீங்கள் அதைப் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள், ஆனால் பணக் கணக்கு முழுவதும் அதில்தான் இருக்கிறது. நர்சிங் ஹோம் ரிஹாபுக்கு ஒரிஜினல் மெடிகேர் பணம் கொடுக்க வேண்டுமென்றால், பொதுவாக நோயாளி மருத்துவமனையில் ‘இன்பேஷண்ட்’ ஆக, அதாவது முறைப்படி அட்மிட் ஆனவராக, தொடர்ந்து 3 நாள் இருந்திருக்க வேண்டும். ஆப்சர்வேஷனில் கழிந்த இரவு கணக்கில் வராது. டிஸ்சார்ஜ் ஆகும் நாளும் வராது. உங்கள் அம்மாவுக்குச் செவ்வாய், புதன், வியாழன் என்று மூன்று நாள் சேர வேண்டும். வெள்ளி காலை கிளம்பினால் மெடிகேர் உண்டு. வியாழன் மாலை கிளம்பினால் இரண்டு நாள்தான், ரிஹாப் செலவு மொத்தமும் உங்கள் தலையில் விழும். இன்றே கேஸ் மேனேஜரிடம், இன்பேஷண்ட் ஆர்டர் எந்தத் தேதியில், எத்தனை மணிக்குப் போடப்பட்டது என்று கேட்டு எழுதி வாங்குங்கள். வியாழக்கிழமை அனுப்புவது மருத்துவரீதியாகச் சரியா என்று அறுவை சிகிச்சை செய்த டாக்டரிடம் நேரடியாகக் கேளுங்கள். வலியும் காய்ச்சலும் அடங்காத நிலையில் அனுப்புகிறார்கள் என்று தோன்றினால், மருத்துவமனை கொடுக்கும் ‘இம்பார்ட்டண்ட் மெசேஜ் ஃப்ரம் மெடிகேர்’ தாளில் உள்ள எண்ணை அழைத்து, டிஸ்சார்ஜ் நாள் நள்ளிரவுக்குள் மேல்முறையீடு செய்யலாம். முடிவு வரும்வரை அம்மாவை வெளியே அனுப்பிப் பில் போட முடியாது.

அதே மூச்சில் இன்னொன்றையும் கேளுங்கள்: அம்மாவை ‘இன்பேஷண்ட் ரிஹாப்’ மருத்துவமனைக்கு அனுப்ப முடியாதா? அது நர்சிங் ஹோம் இல்லை, தனி வகை. அங்கே பொதுவாக ஒரு நாளைக்கு 3 மணி நேரம், வாரத்துக்கு 5 நாள் தெரபி இருக்கும், டாக்டர் மேற்பார்வையும் அதிகம். இந்த மருத்துவமனைகளுக்கு மெடிகேர் வைத்திருக்கும் 13 நோய் நிலைகளின் பட்டியலில் இடுப்பு எலும்பு முறிவும் ஒன்று. அந்த 3 நாள் விதியும் அங்கே இல்லை. எல்லா முதியவர்களாலும் அந்த அளவு தெரபியைத் தாங்க முடியாது. ஆனால் முடியுமா என்று யாரும் பார்க்காமலேயே நர்சிங் ஹோம் பட்டியலை நீட்டுவது நடக்கிறது.

சரி, நர்சிங் ஹோம்தான் என்று வைத்துக்கொள்வோம். மருத்துவமனை உங்களுக்குப் பட்டியல் தரவும், இடங்களின் தரம் பற்றிய தகவலோடு உதவவும் கூட்டாட்சி விதிப்படி கடமைப்பட்டிருக்கிறது. பட்டியலில் உள்ள எந்த இடத்திலாவது மருத்துவமனைக்குப் பணத் தொடர்பு இருந்தால் அதையும் சொல்ல வேண்டும். ‘இங்கேதான் போக வேண்டும்’ என்று திணிக்க முடியாது.

ஸ்டார்களைப் பற்றி. மெடிகேர் 2008 முதல் தரும் இந்த மதிப்பீடு இப்போது அதன் ‘கேர் கம்பேர்’ தளத்தில் இருக்கிறது. மேலே தெரியும் ஒற்றை எண்ணை வைத்து முடிவெடுக்காதீர்கள். அதற்குள் மூன்று எண்கள் இருக்கின்றன: அரசு ஆய்வு, பணியாளர் அளவு, தர அளவீடுகள். மூன்றாவதில் கணிசமான பகுதி நர்சிங் ஹோமே தன்னைப் பற்றி அனுப்பும் விவரம். முதலாவது, மாநிலத்துக்குள் ஒன்றோடு ஒன்றை ஒப்பிட்டுத் தருவது: நியூ ஜெர்சியில் மேல் வரிசை 10 சதவீதத்துக்கு 5 ஸ்டார், கடைசி 20 சதவீதத்துக்கு 1 ஸ்டார். இரண்டாவது, சம்பளப் பதிவேட்டிலிருந்து எடுப்பது. ஏமாற்றுவது கடினம் என்பதால் நான் முதலில் பார்ப்பது அதைத்தான். அங்கேயே வார இறுதியில் எவ்வளவு பேர் வேலை செய்கிறார்கள், ஒரு வருடத்தில் எத்தனை சதவீத நர்ஸ்கள் வேலையை விட்டுப் போனார்கள் என்ற எண்களும் இருக்கும். பெயருக்குப் பக்கத்தில் சிவப்புக் கைச் சின்னம் இருந்தால், துன்புறுத்தல் தொடர்பான குறைபாடு பதிவாகியிருக்கிறது என்று பொருள். அந்த இடத்தை விட்டுவிடுங்கள். உங்கள் அம்மா மாதிரி சில வாரங்களுக்குப் போகிறவர்களுக்கு இன்னும் இரண்டு எண்கள் முக்கியம்: அங்கிருந்து எத்தனை சதவீதம் பேர் திரும்ப மருத்துவமனைக்குப் போனார்கள், எத்தனை பேர் நல்லபடியாக வீடு திரும்பினார்கள்.

அடுத்தது ஆய்வு அறிக்கை. அரசு ஆய்வாளர்கள் முன்னறிவிப்பு இல்லாமல் வந்து பார்த்து எழுதும் குறைபாட்டு அறிக்கைக்கு 2567 படிவம் என்று பெயர். கடைசி ஆய்வின் அறிக்கையை யாரும் எடுத்துப் பார்க்கும்படி வைத்திருக்க வேண்டும், முந்தைய மூன்று வருட அறிக்கைகளைக் கேட்டால் காட்ட வேண்டும். பெரும்பாலும் வரவேற்பறையில் ஒரு ஃபைலில் இருக்கும். ஒவ்வொரு குறைக்கும் ஏ முதல் எல் வரை ஒரு எழுத்து கொடுத்திருப்பார்கள். டி, இ, எஃப் என்றால் யாருக்கும் பாதிப்பு நேரவில்லை, நேர வாய்ப்பிருந்தது. ஜி, ஹெச், ஐ என்றால் நிஜமாகவே ஒருவருக்குத் தீங்கு நடந்திருக்கிறது. ஜே, கே, எல் என்றால் கடுமையான தீங்கோ மரணமோ நேர்ந்த, அல்லது நேரக்கூடிய நிலை. சமையலறை ஃப்ரிட்ஜில் தேதி ஒட்டவில்லை என்பதற்கும், படுக்கைப் புண் எலும்பு தெரியும் அளவுக்கு ஆன பிறகுதான் டாக்டரைக் கூப்பிட்டார்கள் என்பதற்கும் உள்ள வித்தியாசம் ஸ்டாரில் தெரியாது. இந்த அறிக்கையில் தெரியும். இடுப்பு அறுவை சிகிச்சை முடிந்து வருகிறவர் என்பதால் நீங்கள் தேட வேண்டியது விழுதல், படுக்கைப் புண், வலி மருந்து, அழைப்பு மணி ஆகிய சொற்களை.

அப்புறம் சுவரில் பாருங்கள். ஒவ்வொரு ஷிஃப்டிலும் எத்தனை நர்ஸ்கள், எத்தனை உதவியாளர்கள், எத்தனை நோயாளிகள் என்று தினமும் எழுதி ஒட்ட வேண்டும் என்பது கூட்டாட்சி விதி. வருகிறவர் யார் வேண்டுமானாலும் படிக்கலாம். எத்தனை பேர் போதும் என்பதற்கு நியூ ஜெர்சியில் சட்டமே இருக்கிறது. கோவிட் காலத்தில் நர்சிங் ஹோம்களில் நடந்ததைப் பார்த்த பிறகு, 2020-இல் இயற்றப்பட்டு 2021-இல் அமலுக்கு வந்தது. பகலில் 8 நோயாளிகளுக்கு ஒரு சான்று பெற்ற உதவியாளர், மாலையில் 10 பேருக்கு ஒரு பணியாளர், இரவில் 14 பேருக்கு ஒருவர். மத்திய அரசு 2024-இல் நாடு முழுவதற்கும் ஒரு குறைந்தபட்ச அளவு கொண்டுவந்தது, டெக்சாஸில் உள்ள கூட்டாட்சி நீதிமன்றம் 2025-இல் அதை ரத்து செய்துவிட்டது. எங்கள் மாநிலச் சட்டத்துக்கு அதனால் பாதிப்பில்லை. சுவரில் உள்ள தாளில் உதவியாளர் எண்ணிக்கையால் நோயாளி எண்ணிக்கையை வகுத்துப் பாருங்கள், ஒரு நிமிட வேலை. தாளே ஒட்டப்படவில்லை என்றால், அதுவும் உங்களுக்கு ஒரு பதில்தான்.

முடிந்தால் இன்று மாலை 7 மணிக்கு மேல் போங்கள். காலையில் போனால் மார்க்கெட்டிங் பெண்மணி உங்களுக்கு ஜிம்மைக் காட்டுவார். மாலையில் நடைபாதையில் நின்று, அறை வாசலுக்கு மேல் எரியும் அழைப்பு விளக்கு அணைய எத்தனை நிமிடம் ஆகிறது என்று பாருங்கள். கட்டிலில் இருப்பவர்களின் தண்ணீர் டம்ளர் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். எலும்பு முறிந்த முதியவர்கள் பல நேரங்களில் மறுபடி விழுவது கழிவறைக்குப் போக மணி அடித்து, யாரும் வராமல், தானே எழுந்திருக்கும்போதுதான். என்னிடம் வரும் வழக்குகளில் இதுதான் அதிகம்.

உங்கள் உண்மையான சங்கடம் சாப்பாடும் மொழியும் என்று புரிகிறது. அதைச் சின்ன விஷயமாக நான் நினைக்கவில்லை. சாப்பிடாத உடம்பில் புண் ஆறாது. ஆனால் சட்டப்படி எந்த நர்சிங் ஹோமும் நோயாளியின் மத, பண்பாட்டுத் தேவைகளையும் விருப்பங்களையும் உணவில் கவனிக்க நியாயமான முயற்சி எடுக்க வேண்டும். வீட்டிலிருந்து கொண்டுவரும் உணவைப் பத்திரமாக வைத்துக் கொடுப்பதற்கும் அவர்களிடம் ஒரு நடைமுறை இருந்தாக வேண்டும். ரசம் சாதத்தை நீங்கள் கொண்டுபோகலாம், நர்ஸைக் கொண்டுபோக முடியாது. அதனால் அந்த 2 ஸ்டார் இடத்தின் குறை எதில் என்று பாருங்கள். பணியாளர் அளவில் என்றால் வேண்டாம். பழைய ஆய்வில் சில டி, இ மட்டும் இருந்து, பணியாளர் அளவு நன்றாக இருந்தால் யோசிக்கலாம். 5 ஸ்டார் இடத்துக்கும் 4 ஸ்டார் இடத்துக்கும் நடுவே, பணியாளர் எண்கள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால், நான் 10 நிமிடத் தூரத்தையே எடுப்பேன். வேலை முடிந்து தினமும் யாராவது போய் நிற்கிற குடும்பத்தின் அம்மாவை யாரும் அவ்வளவு எளிதில் மறந்துவிட மாட்டார்கள்.

மொழி விஷயத்தில் ஒரு ஆபத்தைச் சொல்கிறேன். தெரபிஸ்ட் காலை 8 மணிக்கு வந்து ஆங்கிலத்தில் ஏதோ கேட்கிறார். அம்மாவுக்குப் புரியவில்லை, வலியில் தலையை ஆட்டிவிடுகிறார். சார்ட்டில் ‘தெரபியை மறுத்தார்’ என்று ஏறிவிடுகிறது. இப்படி நாலைந்து பதிவுகள் சேர்ந்தால், ஒத்துழைக்கவில்லை, இனி மெடிகேர் கிடையாது என்று முடிவு வந்து நிற்கும். மெடிகேர் பணம் வாங்கும் இடம் இலவசமாகத் தகுதியான மொழிபெயர்ப்பாளரைத் தர வேண்டும். போன் வழியாகத் தமிழ் கிடைக்கும். சேர்ந்த 48 மணி நேரத்துக்குள் ஒரு ஆரம்பப் பராமரிப்புத் திட்டம் எழுத வேண்டும், அதன் சுருக்கத்தை உங்களுக்குத் தர வேண்டும். அதில் ‘தமிழ் மொழிபெயர்ப்பாளர் இல்லாமல் தெரபி மறுப்பு என்று பதிவு செய்யக் கூடாது’ என்று சேர்க்கச் சொல்லுங்கள். சார்ட்டைப் பார்க்கவும் அம்மாவுக்கும் அவரது பிரதிநிதிக்கும் உரிமை உண்டு. கேட்டால் வார இறுதி, விடுமுறை நீங்கலாக 24 மணி நேரத்தில் காட்ட வேண்டும்.

இப்போது கையெழுத்து. ‘ரெஸ்பான்ஸிபிள் பார்ட்டி’ என்ற இடத்தில் வெறுமனே உங்கள் பெயரைப் போடாதீர்கள். அட்மிஷனுக்கு நிபந்தனையாக, குடும்பத்தில் இன்னொருவரின் சொந்தப் பண உத்தரவாதத்தைக் கேட்கவே கூடாது என்பது 1987-இல் வந்த நர்சிங் ஹோம் சீர்திருத்தச் சட்டத்திலிருந்து இருக்கும் விதி. அம்மாவின் பணத்தைக் கையாளும் அதிகாரம் உங்களிடம் இருந்தால், அவருடைய பணத்திலிருந்து கட்டுவதாக மட்டும் கையெழுத்துக் கேட்கலாம். ஆனாலும் பாரத்தின் நடுப்பக்கத்தில் இதைச் சுற்றிவளைத்து எழுதி, பிறகு மகன் மீதோ மகள் மீதோ வழக்குப் போடுகிறார்கள். அம்மா தெளிவாக இருக்கிறார் என்றால் அவரே கையெழுத்துப் போடட்டும். முடியாத நிலையில், பவர் ஆஃப் அட்டர்னி இருந்தால், அம்மாவின் பெயரை எழுதி, ‘அவருக்காக, பவர் ஆஃப் அட்டர்னி முறையில், சொந்தப் பொறுப்பு இல்லாமல்’ என்று எழுதிப் போடுங்கள்.

பாரத்துக்குள் ‘ஆர்பிட்ரேஷன்’ ஒப்பந்தம் (தகராறை நீதிமன்றத்துக்குப் பதில் ஒரு நடுவர் தீர்ப்பது) ஒன்றும் இருக்கலாம். அதில் கையெழுத்துப் போட்டால், நாளை அலட்சியத்தால் ஏதாவது நடந்தாலும் ஜூரி முன் போக முடியாது. அதில் கையெழுத்துப் போட்டால்தான் சேர்ப்போம் என்று சொல்ல 2019 முதல் விதி அனுமதிப்பதில்லை. உங்களுக்குப் புரியும் மொழியில் விளக்கவும் வேண்டும். ஏற்கெனவே போட்டுவிட்டவர்கள் 30 நாளுக்குள் எழுத்தில் ரத்து செய்யலாம். என் ஆலோசனை: போடாதீர்கள், அந்தப் பக்கத்தில் கோடு அடித்து ‘ஏற்கவில்லை’ என்று எழுதிவிடுங்கள்.

பணம்: முதல் 20 நாள் முழுக்க மெடிகேர். 21 முதல் 100 வரை தினமும் உங்கள் பங்கு உண்டு. 2025-இல் அது 209.50 டாலர், 2026-இல் 217 டாலர். அம்மாவுக்கு மெடிகேப் பாலிசி (மெடிகேர் கட்டாத பங்கைக் கட்டும் தனியார் காப்பீடு) இருந்தால் பெரும்பாலும் அது கட்டிவிடும், இன்றே எடுத்துப் பாருங்கள். 100 நாள் என்பது உச்சவரம்பு. அவ்வளவு நாளும் தருவோம் என்ற வாக்குறுதி அது இல்லை.

நாளை எடுக்கும் முடிவு தவறாகப் போனாலும் மாட்டிக்கொள்ள மாட்டீர்கள். 30 நாளுக்குள் வேறு நர்சிங் ஹோமுக்கு மாறினால் மெடிகேர் தொடரும், புதிதாக 3 நாள் மருத்துவமனை வாசம் தேவையில்லை. பிரச்சினை வந்தால், நோயாளிகளின் புகார்களைக் கவனிக்கும் மாநில நீண்டகாலப் பராமரிப்பு ஆம்பட்ஸ்மன் அலுவலகத்தைக் கூப்பிடுங்கள். கட்டணம் கிடையாது.

சில வாரங்கள் கழித்து, முன்னேற்றம் இல்லை, மெடிகேர் முடிகிறது என்று ஒரு நோட்டீஸ் வரலாம். முன்னேற்றம் இல்லை என்பது மட்டுமே காரணமாக இருக்க முடியாது. 2013-இல் ஜிம்மோ வழக்குச் சமரசத்தில் மெடிகேர் இதை ஒப்புக்கொண்டது: இருக்கும் நிலை மோசமாகாமல் காப்பாற்ற நர்ஸ், தெரபிஸ்ட் போன்ற திறன் பெற்றவர்களின் பராமரிப்பு தேவைப்பட்டாலும் பணம் தர வேண்டும். நோட்டீஸ் குறைந்தது இரண்டு நாள் முன்னதாக வர வேண்டும். அதில் உள்ள தேதிக்கு முதல் நாள் நண்பகலுக்குள், அதிலேயே அச்சிட்டிருக்கும் எண்ணுக்குப் போன் செய்து மேல்முறையீடு செய்யுங்கள். நோட்டீஸில் கையெழுத்துக் கேட்டால் போடலாம். கிடைத்தது என்பதற்கு மட்டும்தான் அது, அதனால் மேல்முறையீட்டு உரிமை போகாது.