முதல் ஜப்பான் பயணம்: டோக்கியோவா, கியோட்டோவா?

நவீன நகரம் என்பது பழசு அழிந்து புதிதாக எழுந்த ஊர். மரபு நகரம் என்பது பழைய தெருவும் கோயிலும் இன்றும் புழக்கத்தில் இருக்கும் ஊர். டோக்கியோ 1923 நிலநடுக்கத்திலும் 1945 குண்டுவீச்சிலும் பெருமளவு எரிந்தது. 794 முதல் ஆயிரம் ஆண்டுக்கு மேல் தலைநகராக இருந்த கியோட்டோ பெரும்பாலும் தப்பித்தது. அண்ணன் தம்பி வீடு மாதிரிதான்: ஒருவர் இடித்துக் கட்டி லிஃப்ட் வைத்துவிட்டார், இன்னொருவர் முற்றம் வைத்த ஓட்டு வீட்டிலேயே இருக்கிறார்.

முதல் தடவை என்றால் டோக்கியோவில் தொடங்குங்கள் என்பேன். ரயிலிலேயே ஊர் முழுக்கச் சுற்றலாம். நள்ளிரவிலும் சாப்பாடு கிடைக்கும். கியோட்டோவில் மெட்ரோ தடம் இரண்டுதான். மீதிக்குப் பேருந்து; பெட்டியோடு ஏறினால் திண்டாட்டம். பல கோயில்களை மாலை 5 மணிவாக்கில் சாத்திவிடுவார்கள். ஆனால் விடியற்காலையில் அங்குள்ள ஃபுஷிமி இனாரி மலைக் கோயிலின் செந்நிற நுழைவு வளைவுகளுக்குள் ஏறிப் பாருங்கள், உங்கள் காலடிச் சத்தம்தான் கேட்கும். அதற்காகவே இரண்டு நாள் ஒதுக்கலாம். டோக்கியோவிலிருந்து புல்லட் ரயிலில் இரண்டே கால் மணி நேரம்தான்.

டோக்கியோவில் பழசே இல்லை என்பது தவறு: அங்குள்ள அசாகுசா பகுதியின் சென்சோஜி கோயில் 7ஆம் நூற்றாண்டில் தோன்றியது, இன்றைய முதன்மை மண்டபம் 1958இல் திரும்பக் கட்டியது.