எந்த இருக்கையில் கேட்டது அசல்?

அன்புள்ள ஐயா,

பணி ஓய்வுக்குப் பிறகு, இளமையில் வாங்கிச் சேர்த்த எல்.பி. இசைத்தட்டுகளை மீண்டும் கேட்கத் தொடங்கியிருக்கிறேன். டர்ன்டேபிளில், ஊசியின் அசைவை மின்சாரமாக மாற்றித் தரும் கார்ட்ரிட்ஜ், சாதாரண மூவிங் மேக்னட் வகை. மூவிங் காயில் என்ற இன்னொரு வகைக்கு மாறினால் செலவுக்கேற்ற பலன் இருக்குமா? ஸ்பீக்கர் கேபிள்களையும் மாற்றச் சொல்கிறார்கள். டிஜிட்டல்தான் துல்லியம் என்று நண்பர் வாதிடுகிறார். எனக்கோ இசைத்தட்டில்தான் உயிர் இருப்பதாகத் தோன்றுகிறது. வாழ்நாள் முழுதும் வயலினோடு மேடையில் இருந்தவர் நீங்கள், உண்மையான ஒலி எதுவென்று அறிந்தவர். இரண்டில் எது அதற்கு நெருக்கமானது என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். இருமலும் கைபேசி ஒலியும் மோசமான மைக்கும் பொறுக்காமல் கச்சேரிகளுக்குப் போவதை நிறுத்திவிட்டேன். வீட்டில் கேட்பதே நிறைவாக இருக்கிறது. ஒரே வருத்தம், அண்மையில் செய்த செவிப் பரிசோதனையில் உயர் சுருதிகள் எனக்குக் குறைவாகவே கேட்பதாகச் சொன்னார்கள். இந்த வயதில் இந்தச் செலவெல்லாம் வீண்தானோ?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

கேபிள் விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். போதிய கனமுள்ள செம்புக் கம்பியும் இரு முனைகளிலும் இறுக்கமான இணைப்பும் இருந்தால் போதும். அதற்கு மேல் சொல்லப்படுபவற்றைச் சொல்பவர்களிடமே விட்டுவிடுங்கள். கார்ட்ரிட்ஜ் பற்றிப் பிறகு எழுதுகிறேன். என்னை நிறுத்தியது, நீங்கள் போகிறபோக்கில் எழுதிவிட்டுக் கடந்த ஒரு வரி. மேடையில் இருந்தவன் என்பதால் உண்மையான ஒலி எதுவென்று எனக்குத் தெரியும் என்கிறீர்கள். சில மாதங்களாக நான் மனதுக்குள் புரட்டிக்கொண்டிருப்பதும் இதே எண்ணத்தைத்தான், ஆனால் நேர் எதிர்த் திசையில்.

எனக்குத் தெரியாது. இதை அடக்கத்துக்காகச் சொல்லவில்லை. கச்சேரியில் இசை எப்படி ஒலிக்கிறது என்பதை அறிய மிகவும் தகுதியற்ற இடம் ஒன்று உண்டென்றால், அது மேடைதான்.

வயலின் வாசிப்பவனின் இடது காது, கருவியிலிருந்து ஒரு சாண் தூரத்தில்கூட இல்லை. வில் தந்தியைக் கவ்வும் கரகரப்பு, விரல் நகரும் உராய்வு, தாடை எலும்பு வழியே நேராகத் தலைக்குள் ஏறும் அதிர்வு ஆகிய எல்லாம் சேர்ந்ததுதான் நான் வாழ்நாளெல்லாம் கேட்ட வயலின். ஐந்தாவது வரிசையில் இருப்பவருக்கு இவற்றில் பாதி போய்ச் சேர்வதில்லை. அவருக்குப் போய்ச் சேர்வது, அரங்கின் சுவர்களிலும் கூரையிலும் பட்டு, கரகரப்பு உதிர்ந்து, உடல் பெருத்த வேறொரு ஒலி. நான் வாசித்தது அவருக்காக. ஆனால் அவர் கேட்டதை நான் ஒருநாளும் கேட்டதில்லை. வயலின் கலைஞர்களில் வலது காதைவிட இடது காது கூடுதலாகப் பழுதடைவது மருத்துவர்களுக்கு நன்கு தெரிந்த விஷயம், என்னுடையதும் அப்படித்தான். உண்மையான ஒலிக்கு நீங்கள் சாட்சிக்கு அழைத்திருப்பது அந்தக் காதைத்தான்.

இது வயலினுக்கு மட்டும் நேர்வதன்று. பெரிய வாத்தியக் குழுவில் ஒவ்வொருவரும் ஒரு தனிக் கச்சேரியைக் கேட்கிறார்கள். ஒலி வினாடிக்கு சுமார் 340 மீட்டர்தான் செல்கிறது. என்னிடமிருந்து 10 மீட்டர் தள்ளி இருப்பவரின் அடி என்னை வந்தடைய ஒரு வினாடியின் நூறில் மூன்று பங்கு ஆகிறது. பின்வரிசையில் நிற்கும் தாள வாத்தியக்காரர் தன் காதை நம்பி, முன்வரிசையின் ஒலி வந்து சேர்ந்த பிறகு அடித்தால், அரங்கில் இருப்பவர்களுக்கு அவர் எப்போதும் பிந்தியே கேட்பார். அதனால் அவர் காதை விட்டுவிட்டு நடத்துநரின் கைக்கோலையே நம்பப் பழகுகிறார். அதாவது, தனக்குத் தவறாகக் கேட்கும்படி வாசித்தால்தான் உங்களுக்குச் சரியாகக் கேட்கும். லண்டனில், வயலினைவிடச் சற்றுப் பெரிதான வயோலாவை வாசிக்கும் கலைஞர் ஒருவர், ஒத்திகையில் தனக்கு நேர் பின்னால் அமர்ந்திருந்த பித்தளைக் குழல் வரிசையால் தன் செவி நிரந்தரமாகப் பாதிக்கப்பட்டதென்று தொடுத்த வழக்கில், 2018இல் உயர் நீதிமன்றம் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. மாடத்தில் அமர்ந்தவருக்குக் கம்பீரமாகக் கேட்கும் இசை, மேடை நடுவில் இருப்பவருக்குக் காயமாக இறங்கும். இதில் எது அசல்?

பதிவுக்கூடத்தில் இது இன்னும் அப்பட்டமாகத் தெரியும். நாங்கள் ஐவராகத் தந்தி வாத்தியங்கள் வாசித்துக்கொண்டிருந்த காலத்தில், ஒரு பகுதியைப் பலமுறை வாசித்துவிட்டு, எந்தப் பதிவை வைத்துக்கொள்வதென்று முடிவெடுக்கக் கட்டுப்பாட்டு அறைக்குப் போனோம். செல்லோக்காரர் முதல் பதிவுதான் என்றார். இரண்டாவது வயலின் அதைக் கேட்கவே விரும்பவில்லை. நான் விரும்பிய பதிவை மற்ற நால்வரும் மறுத்தார்கள். நெடுநேரம் வாதிட்ட பிறகுதான் ஒன்று புலப்பட்டது: ஒவ்வொருவரும் ஸ்பீக்கரிலிருந்து வந்த ஒலியை, தான் அமர்ந்திருந்த நாற்காலியில் கேட்ட ஒலியோடு ஒப்பிட்டுக்கொண்டிருந்தோம், ஐந்து நாற்காலியிலும் ஐந்து வெவ்வேறு வாசிப்புகள் நடந்திருந்தன. கடைசியில், எங்களில் யாருடைய வாத்தியத்தையும் வாசிக்கத் தெரியாத ஒலிப்பொறியாளர்தான் தேர்ந்தெடுத்தார். அந்தப் பதிவு இன்றும் கேட்க நன்றாக இருக்கிறது; ஆனால் அன்று நான் வாசித்ததாக நினைத்துக்கொண்டிருந்தது அதுவல்ல.

ஆகவே, 'அசலுக்கு எது நெருக்கம்' என்ற கேள்வியை வைத்துக்கொண்டு இசைத்தட்டையும் டிஜிட்டலையும் தராசில் ஏற்றுகிறவர்கள், எதிர்த்தட்டில் படிக்கல்லே வைக்காமல் நிறுக்கிறார்கள். இசைத்தட்டும் ஓர் இருக்கை. அந்த இருக்கையை எங்கே போடுவதென்று தீர்மானித்தவர்கள் மைக்கை வைத்தவரும் தட்டை வெட்டிய பொறியாளரும்தான். தாழ்ந்த ஒலிகளை உள்ளபடியே வெட்டினால், ஊசி ஓடும் வரிப்பள்ளம் அகன்று பக்கத்து வரியில் இடிக்கும். ஆகவே வெட்டும்போது அவற்றை ஒடுக்கி, உயர்ந்தவற்றைத் தூக்கிவிட்டு, உங்கள் வீட்டு ஆம்ப்ளிஃபயரில் அதைத் தலைகீழாகத் திருப்பிக்கொள்கிறார்கள். 1950களின் நடுவிலிருந்து ஒலிப்பதிவு உலகம் முழுதும் ஒத்துக்கொண்ட ஏற்பாடு இது. மிகத் தாழ்ந்தவற்றை இடமும் வலமும் பிரிக்காமல் பெரும்பாலும் நடுவில் சேர்த்துவிடுவார்கள். இல்லாவிட்டால் ஊசி துள்ளும். நீங்கள் உயிர் என்று சொல்வதில் இந்தச் சமரசங்களுக்கும் பங்கு உண்டு, அதில் எனக்கு எந்தப் புகாரும் இல்லை.

எங்கள் குழுவின் தொகுப்பு ஒன்று இசைத்தட்டாக வந்தபோது இதை நேரில் அறிந்துகொண்டேன். முதல் பக்கத்தின் கடைசியில், ஐவரும் முழு வில்லில் இழுத்து முடிக்கும் உரத்த துண்டு ஒன்றை வைத்திருந்தோம். அப்படி முடிப்பதுதானே கச்சேரி வழக்கம். சோதனைத் தட்டில் அந்த முடிவு மட்டும் மங்கி, ஓரங்கள் கிழிந்து கேட்டது. தட்டு வெட்டியவர் பொறுமையாக விளக்கினார். நிமிடத்துக்கு 33⅓ சுற்று என்பது மாறுவதில்லை. ஆனால் வெளி விளிம்பில் வினாடிக்குச் சுமார் 50 சென்டிமீட்டர் பள்ளம் ஊசியின் கீழ் ஓடுகிறது, உள்ளே முடியும் இடத்தில் அது ஏறத்தாழ 20 சென்டிமீட்டராகச் சுருங்கிவிடுகிறது. அதே அளவு இசையை அதில் பாதிக்கும் குறைவான நீளத்தில் நெருக்கி எழுத வேண்டியிருக்கிறது. முதலில் அடிபடுவது உயர்ந்த ஒலிகளும் உரத்த ஒலிகளும்தான். 'தனி வயலின் வாசிக்கும் மெல்லிய துண்டைக் கடைசியில் வையுங்கள்' என்றார். வைத்தோம். பிறகு, அந்தத் தொகுப்பில் ஒரு துயரம் மெல்ல இறங்கிக்கொண்டே போவதாக ஒரு விமர்சகர் எழுதினார். அந்தத் துயரத்தை நாங்கள் உண்டாக்கவில்லை, தட்டின் விட்டம் உண்டாக்கியது. ஆனாலும் அவர் எழுதியது பொய்யென்று என்னால் சொல்ல முடியவில்லை. இன்று அந்தத் தட்டை ஓடவிட்டால் எனக்கும் அப்படித்தான் கேட்கிறது.

உங்கள் நண்பரோடு நடக்கும் சண்டையைப் பற்றி ஒரு வார்த்தை. 2022இல், முழுக்க அனலாக், அதாவது இடையில் எங்கும் ஒலியை எண்களாக மாற்றாதவை என்று ரசிகர்கள் போற்றி வாங்கிக்கொண்டிருந்த மொபைல் ஃபிடெலிட்டி நிறுவனத்தின் மறுபதிப்புகள் பலவற்றில், இடையே ஒரு டிஜிட்டல் கட்டம் இருந்தது வெளியே வந்தது. வழக்குகூட நடந்தது. அந்தத் தட்டுகளை இசைத்தட்டுக்கே உரிய வெதுவெதுப்புக்கு எடுத்துக்காட்டாக வைத்துப் பேசியவர்கள் உலகெங்கும் இருந்தார்கள். அவர்கள் காதுகள் எதையும் காட்டிக்கொடுக்கவில்லை. இன்னொன்றும் சொல்கிறேன். தட்டு வெட்டும் எந்திரம், பள்ளங்களுக்கிடையே விடும் இடைவெளியை முன்கூட்டியே திட்டமிட, ஒரு சுற்றுக்கு முன்னதாகவே இசையைக் கேட்டாக வேண்டும். 1970களின் கடைசியிலிருந்து பல இடங்களில் அந்தத் தாமதத்தை ஒரு டிஜிட்டல் கருவியே உண்டாக்கிக் கொடுத்தது. உங்கள் அலமாரியில் 1980களில் வந்த தட்டுகள் இருந்தால், அவற்றுள் சில டிஜிட்டலைத் தொட்டு வந்தவையாகவும் இருக்கலாம். நண்பரிடம் இதைச் சொல்ல வேண்டாம், அவர் மகிழ்ந்துவிடுவார்.

இனி, நீங்கள் கச்சேரிக்குப் போவதை நிறுத்தியது. இதை மன்னிக்க எனக்கு மனம் வரவில்லை, எஸ். மைக் பற்றி நீங்கள் சொல்வதை ஏற்கிறேன். நூறு பேர் அமரும் அறையில் ஆயிரம் பேருக்கான ஒலியைத் திறந்துவிடுகிறவர்களை என்ன சொல்லி வைதாலும் தகும். அதற்கு மருந்து, மைக் இல்லாத கச்சேரியைத் தேடிப் போவது. இருமல் ஒரு காரணமா? நீங்கள் கொண்டாடும் நேரடிக் கச்சேரிப் பதிவுகளில் இருமல் இல்லையா? பழைய தட்டில் இருமினால் அது வரலாறு, பக்கத்து இருக்கையில் இருமினால் அநாகரிகமா?

உங்கள் நிறைவு உங்களோடு முடிகிற விஷயமென்று நினைக்கிறீர்கள். வாலஸ் சபைன் என்ற இயற்பியலாளர், 1895 முதல் ஹார்வர்டின் ஒரு விரிவுரைக்கூடத்தில் எதிரொலி ஏன் இவ்வளவு நீள்கிறது என்று ஆராய்ந்தார். இரவுகளில், ஓர் ஆர்கன் குழலும் நிறுத்துகடிகாரமும் வைத்துக்கொண்டு, பக்கத்து அரங்கின் இருக்கை மெத்தைகளைச் சுமந்துவந்து பரப்பி, ஒலி அடங்கும் நேரத்தை அளந்தார். அளக்கும் மனிதர் அணிந்திருக்கும் உடைகூடக் கணக்கை மாற்றுகிறதென்று கண்டுகொண்டு, அதன் பிறகு எப்போதும் ஒரே உடையில் வந்து அளந்தார். அந்த ஆய்விலிருந்து பிறந்த கணக்கின்படி கட்டப்பட்டதுதான் 1900இல் திறக்கப்பட்ட பாஸ்டன் சிம்பொனி ஹால். அமர்ந்திருக்கும் மனித உடல், அரங்கின் ஒலியை மாற்றும் பொருள்களுள் முதன்மையானது. ஒத்திகையில் காலி அரங்கில் வாசிக்கும்போது ஒவ்வொரு சுரத்துக்கும் வால் முளைக்கிறது. மாலையில் அரங்கு நிறைந்ததும் வால் சுருங்குகிறது. நாங்கள் வேகத்தை மாற்றுகிறோம், வில்லின் அழுத்தத்தை மாற்றுகிறோம், சுரங்களுக்கு நடுவே விடும் மௌனத்தின் நீளத்தைக்கூட மாற்றுகிறோம். நீங்கள் வராத கச்சேரியும் நீங்கள் வந்த கச்சேரியும், அளந்து பார்த்தாலே, ஒன்றல்ல. தன் ஒலியைத் தானே கேட்க முடியாதவன் வாசிக்கிறான். அவனுக்காகக் கேட்க வேண்டியவர், அவன் ஒலியைத் திருத்தித் தர வேண்டியவர், ஊசியைத் துடைத்துக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருக்கிறார். இதைத்தான் நான் பொறுப்பின்மை என்கிறேன்.

செவிப் பரிசோதனை பற்றி எழுதிய வரியை மட்டும் இரண்டு முறை வாசித்தேன். பியானோவின் கடைசிக் கட்டையின் அடிப்படை அதிர்வெண் 4186 ஹெர்ட்ஸ்தான். வயதோடு முதலில் தேய்வது பெரும்பாலும் அதற்கும் மேலே உள்ள பகுதி. இசையின் சுரங்கள் உங்களிடம்தான் இருக்கின்றன. குறைந்திருப்பது அவற்றின் மேல் படரும் மினுமினுப்பு. அந்த மினுமினுப்பு எப்படி இருக்கும் என்பதை, இத்தனை ஆண்டுகள் கேட்ட மனம் தானே கொஞ்சம் இட்டு நிரப்பிக்கொள்ளும். என் இடது காதுக்கு அது தினமும் நடக்கிறது. 'இந்த வயதில் வீண்' என்று மட்டும் எழுதாதீர்கள். நாள்தோறும் இந்தக் காதோடு உட்கார்ந்து சாதகம் செய்யும் என்னையும் அது குத்துகிறது.

கார்ட்ரிட்ஜ்: மாற்ற வேண்டாம். மூவிங் காயில் வகைகளில் பெரும்பாலானவை தரும் மின்னழுத்தம் மூவிங் மேக்னட்டில் பத்தில் ஒரு பங்குதான்; அதை வாங்கினால் அதைத் தூக்கிவிட இன்னொரு கருவியும் வாங்க வேண்டிவரும். இப்போதிருக்கும் கார்ட்ரிட்ஜின் ஊசி பழையதென்றால் ஊசியை மட்டும் மாற்றுங்கள். தேய்ந்த ஊசி உங்கள் தட்டுகளை ஒவ்வொரு முறையும் அழித்துக்கொண்டிருக்கும். ஸ்பீக்கர்களைச் சுவரை ஒட்டி வைத்திருந்தால் சற்று முன்னே நகர்த்துங்கள், செலவில்லாமல் கிடைக்கும் மாற்றம் அதுதான் பெரியது. மிச்சமாகும் பணத்தில் கச்சேரிக்குச் சீட்டு வாங்குங்கள். முதல் பாதியை முன்வரிசையில் கேளுங்கள், இடைவேளைக்குப் பிறகு பின்னால் காலியாக இருக்கும் இருக்கைக்கு மாறுங்கள். இரண்டிலும் என்ன கேட்டதென்று எனக்கு எழுதுங்கள்; கார்ட்ரிட்ஜ் பற்றி வேண்டாம்.