வால்வு றேடியோவின் இழைகள்: தொடரா, சமாந்தரமா?

பழைய வால்வு றேடியோக்களைத் திருத்தப் பார்க்கும் திருகோணமலைக்காரர் சிலர் கேட்டவையும் அவற்றுக்கான பதில்களும்.

உவர்மலையிலிருந்து: ஐயா, ஒரு பெட்டியில் எல்லா வால்வின் இழையும், அதாவது உள்ளே சூடேறும் கம்பியும், 6.3 வோல்டில் எரிகிறது. இன்னொன்றில் வால்வுக்கு வால்வு வோல்ட் மாறுகிறது. ஏன்?

வால்வின் பெயரில் முதல் எழுத்தைப் பாருங்கள் தம்பி. ஐரோப்பிய வால்வு 'ஈ' என்று தொடங்கினால் 6.3 வோல்ட், பெரும்பாலும் சமாந்தரம். 'யூ' என்றால் 100 மில்லி அம்பியர், தொடர். சமாந்தரத்தில் வோல்ட் பொது, மின்னோட்டம் அவரவர் தேவைக்கு. தொடரில் மின்னோட்டம் பொது, வோல்ட் பங்காகப் பிரியும். ட்ரான்ஸ்போமர் செலவை மிச்சம் பிடிக்க வந்ததுதான் தொடர் பெட்டி.

உப்புவெளியிலிருந்து: என்னுடையது யூ வரிசை. இழைகளோடு தொடராக இருந்த தடையி கருகிவிட்டது, அளவும் அழிந்துபோயிற்று. எத்தனை ஓம் போடலாம்?

கூட்டிப் பாருங்கள். யூசிசி 85க்கு 26 வோல்ட், யூசிஎச் 81க்கு 19, யூபிஎஃப் 89க்கு 19, யூஎல் 84க்கு 45, யூவை 85க்கு 38. மொத்தம் 147. நம் மெயின்ஸ் 230. மிச்சம் 83 வோல்டை 0.1 அம்பியரால் வகுத்தால் 830 ஓம். 820 ஓம் போதும். அதில் 8.3 வாட்ஸ் சூடு பிறக்கும், ஆகவே 20 வாட்ஸ் கம்பிச்சுற்றுத் தடையியாகப் பார்த்து வாங்குங்கள். உங்கள் வால்வுகள் வேறென்றால் கணக்கும் மாறும். இழைச் சங்கிலியில் தேர்மிஸ்டர் (சூடேறும்போது தடை குறையும் பாகம்) இருந்தால் சூடான நிலையில் அது எடுக்கும் வோல்டையும் கழிக்க வேண்டும்.

இன்னொன்று, இதுதான் முக்கியம். இந்தப் பெட்டிகளில் மெயின்ஸின் ஒரு கம்பி நேரே சேசிஸில், அதாவது பாகங்களைத் தாங்கும் உலோகத் தகட்டில், இருக்கும். பிளக்கைத் திருப்பிச் செருகினால் தகடு முழுக்க 230 வோல்ட். மெயின்ஸோடு நேரடித் தொடுப்பில்லாமல் மின் தரும் ஐசொலேஷன் ட்ரான்ஸ்போமர் இல்லாமல் மூடியைக் கழற்றாதீர்கள்.

சீனக்குடாவிலிருந்து: யூசிஎச் 81 கிடைக்கவில்லை. ஈசிஎச் 81 போடலாமா?

கூடாது. கால்களின் அமைப்பு ஒன்றுதான், ஆனால் அதன் இழைக்கு 300 மில்லி அம்பியர் வேண்டும். 100இல் அது மினுங்கவும் மாட்டாது.

நிலாவெளியிலிருந்து: என்னிடம் 12.6 வோல்ட் ட்ரான்ஸ்போமர் இருக்கிறது. ஈசிசி 83, ஈஎல் 84 இரண்டும் 6.3 தானே, தொடராகப் போட்டால் சரியா?

சரிவராது. 6.3 வோல்டில் ஈசிசி 83 எடுப்பது 0.3 அம்பியர், ஈஎல் 84 எடுப்பது 0.76. தொடராகப் போட்டால் சின்னவருக்கு ஏறக்குறைய 9 வோல்ட், பெரியவருக்கு மூன்றரை. சூடேறச் சூடேறச் சின்னவரின் தடை கூடி, இன்னும் அதிகமாக இழுத்துக்கொள்வார், கடைசியில் இழை போய்விடும். இரண்டு ஈஎல் 84 வைத்திருந்தால் அவற்றைத் தம்முள் தொடராக்கலாம். ஈசிசி 83இன் 4, 5ஆம் கால்களுக்கு நேரே 12.6 கொடுங்கள், அது 0.15 அம்பியரில் ஒழுங்காக எரியும்.

மூதூரிலிருந்து: தொடர் பெட்டி திடீரென முழுக்க இருண்டுவிட்டது. எந்த வால்வு போனது?

பிளக்கை எடுத்துவிட்டு வால்வுகளைக் கழற்றுங்கள். மேலே சொன்ன ஐந்து வால்வுகளுக்கும் இழை 4, 5ஆம் கால்களில்தான். மீற்றரில் தொடர்ச்சி காட்டாதவர்தான் ஆள். எல்லோரும் நல்லவர்கள் என்றால் தடையியையும் வால்வு செருகும் சொக்கற்றையும் பாருங்கள்.

உப்புக்காற்றில் சொக்கற் பச்சை பிடிப்பது நமக்குப் புதிதல்ல. ஒரு ஓம் அளவு அழுக்கு தொடர் பெட்டியில் 0.1 வோல்டைத்தான் விழுங்கும். அதே அழுக்கு 6.3 வோல்ட் சமாந்தரத்தில் ஈஎல் 84இன் காலில் இருந்தால் 0.7 வோல்ட் போய்விடும், சத்தமும் சோரும். ஆகவே கடற்கரைப் பக்கத்தார் முதலில் சுத்தம் செய்ய வேண்டியது சமாந்தரப் பெட்டியின் சொக்கற்றுகளைத்தான்.