வாசகர் கேள்விகள்: இசைக்கு வரைந்த படங்கள்

கேள்வி: ‘ஃபேன்டேஷியா’ படத்தில் காட்சியும் மேற்கத்திய செவ்வியல் இசையும் நூலிழை பிசகாமல் பொருந்துகின்றன. படத்தைப் பார்த்து இசை அமைத்தார்களா, இசையைக் கேட்டுப் படம் வரைந்தார்களா? (ஒரு வாசகி, திருச்சி)

பதில்: இசைதான் முந்தியது. 1940-ல் வால்ட் டிஸ்னி வெளியிட்ட அந்தப் படத்தில் வரும் எட்டுப் படைப்புகளுள் எதுவும் அதற்காக எழுதப்பட்டதன்று. இசைக்குழு நடத்துநர் லியோபோல்ட் ஸ்டோகாவ்ஸ்கி பெரும்பாலானவற்றைப் பிலடெல்ஃபியா ஆர்க்கெஸ்ட்ராவைக் கொண்டு வாசித்துப் பதிவு செய்த பிறகே, அந்த ஒலியை அளந்து ஓவியர்கள் வரைந்தார்கள். திரைப்படம் நொடிக்கு 24 சட்டங்கள் (ஃப்ரேம்கள்) ஓடுகிறது. நிமிடத்துக்கு 120 தாள அடிகள் விழும் இசையென்றால் ஓர் அடிக்கு 12 சட்டங்கள் என்று கணக்கு வந்துவிடும். நடத்துநர் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் இடங்களில்தான் ஒவ்வோர் அடியையும் தனியே அளந்து அட்டவணையில் குறிக்க வேண்டியிருக்கும்.

இதற்கு நல்ல சான்று, பால் டூகாஸ் 1897-ல் எழுதிய ‘மந்திரவாதியின் சீடன்’. மந்திரத்தால் தண்ணீர் சுமக்க வைத்த துடைப்பத்தை நிறுத்தத் தெரியாத சீடன் மிக்கி மவுஸ் அதைக் கோடரியால் வெட்டிப் போட, எல்லாம் அடங்கிவிடுகிறது. பிறகு கான்ட்ராபஸ்ஸூன் என்னும் மிகத் தாழ்ந்த குரலுடைய ஊதுகருவி அடித்தொண்டையில் உறுமுவதுபோல் ஒரு சுரத்தை எழுப்ப, தரையில் கிடக்கும் மரச் சிம்பு ஒன்று அசைகிறது. பழைய மெட்டு மீண்டும் தொடங்கியதும், பாஸ் கிளாரினெட் என்னும் மற்றோர் ஊதுகருவி சற்றுப் பின்தங்கி அதே மெட்டைத் துரத்திக்கொண்டு வரும். ஜெர்மன் கவிஞர் கதேயின் மூலக் கவிதையில் துடைப்பம் இரண்டாகப் பிளந்து இரண்டும் எழுவதால், டூகாஸ் இரண்டு குரல்களை எழுதினார். டிஸ்னியோ ஒரு படையையே அணிவகுக்க வைத்தார். கண்ணை மூடிக் கேட்டால் இரண்டுதான்.

கேள்வி: பியானோ வாசிக்கும் டாம் பூனையின் படத்தில் வரும் இசை எது? (ஒரு வாசகர், மதுரை)

பதில்: ஃபிரான்ஸ் லிஸ்ட் பியானோவுக்கு எழுதிய இரண்டாம் ஹங்கேரிய ராப்சடி. 1947-ல் வந்த அந்தக் குறும்படம் ஆஸ்கர் பெற்றது. பியானோவின் சுத்தியல்கள் மேல் உறங்கும் ஜெர்ரி, டாம் கட்டையை அழுத்தும்போதெல்லாம் தூக்கியெறியப்படுவதால், எந்தக் கட்டை எதை இயக்குகிறது என்பதும் சிரித்துக்கொண்டே புரிந்துவிடுகிறது. முந்தைய ஆண்டில் கார்ட்டூன் முயலான பக்ஸ் பன்னியும் இதே ராப்சடியை வாசித்திருந்தது. எனக்கென்னவோ பூனையின் கச்சேரிதான் ஒருபடி மேல்.

கேள்வி: ‘ஃபேன்டேஷியா’வில் ரஷ்ய இசையமைப்பாளர் ஸ்ட்ராவின்ஸ்கியின் இசைக்கு டைனோசர்களைக் காட்டியது முறையா? (ஒரு வாசகர், கோவை)

பதில்: 1913-ல் பாரிஸில் அரங்கேறிய ‘ரைட் ஆஃப் ஸ்பிரிங்’, பழங்கால ரஷ்யாவில் வசந்தத்துக்குப் பலியாக ஒரு பெண் ஆடியே உயிர்விடும் பாலே. டிஸ்னி அதைப் பூமியின் பிறப்பு முதல் டைனோசர்களின் அழிவு வரையான கதையாக்கினார். அதில் எனக்கு மனத்தாங்கல் இல்லை. எரிமலை கக்கும்போது அந்தத் தாளத்தின் முரட்டுத்தனம் இயல்பாகவே இருக்கிறது. ஆனால் கதைக்காகப் படைப்பின் பகுதிகளை வெட்டி, வரிசையையும் மாற்றியதை ஏற்க முடியவில்லை. ஸ்ட்ராவின்ஸ்கியும் பிற்காலத்தில் அந்தப் படத்தைக் கடுமையாகச் சாடினார்.

கேள்வி: டிஸ்னியைத் தவிர வேறு யாரும் இப்படி முயலவில்லையா? (ஒரு வாசகி, சேலம்)

பதில்: இத்தாலியின் புரூனோ பொஸெட்டோ 1976-ல் எடுத்த ‘அலெக்ரோ நான் ட்ரோப்போ’வைப் பாருங்கள். ‘ஃபேன்டேஷியா’வைக் கேலி செய்யக் கிளம்பிய படம், பெரியவர்களுக்கானது. அதில் ஃபின்லாந்து இசையமைப்பாளர் சிபேலியஸின் ‘வால்ஸ் ட்ரிஸ்ட்’ ஒலிக்கும் பகுதியில் நகைச்சுவை அடங்கிவிடுகிறது. இடிந்த வீடொன்றில் அலையும் பூனைக்கு, மனிதர்கள் வாழ்ந்த நாட்களின் அறைகள் ஒவ்வொன்றாகத் தெரிந்து, அது நெருங்கியதும் கரைந்துபோகின்றன. கடைசியில் அந்தப் பூனையும் கரைந்துவிடுகிறது.