கொட்டாவி வராமல் பேச ஆலிஸ்டர் குக் காட்டும் வழி

கேள்வி: நாளிதழ் ஒன்றில் ஆறு வருடமாக நிருபராக இருக்கிறேன். வாரம் ஒரு பாட்காஸ்ட், அப்புறம் ஒரு புத்தகம் என்று ஆசை. என் கட்டுரைகளையே மைக் முன்னால் வாசித்துப் பார்த்தேன், எனக்கே கொட்டாவி வருகிறது. வேலையை விட்டுவிட்டு முழுநேரமாக இறங்கினால் சரியாகுமா?

பதில்: வேலையை விடாதீர்கள், அதுதான் உங்கள் சரக்கு. ஆலிஸ்டர் குக் என்று ஒருவர். 1908இல் சால்ஃபோர்டில் பிறந்த ஆங்கிலேயர், 1941இல் அமெரிக்கக் குடிமகன் ஆனவர். பிபிசி வானொலியில் அவர் வாராவாரம் பேசிய 'லெட்டர் ஃப்ரம் அமெரிக்கா' 1946 மார்ச்சில் வெறும் 13 வாரத்துக்கென்று தொடங்கியது. 2004 பிப்ரவரி வரை ஓடியது, மொத்தம் 2,869 பேச்சுகள். கடைசிப் பேச்சின்போது அவருக்கு வயது 95! இதில் முதல் கால் நூற்றாண்டு, 1972 வரை, அவர் பிரிட்டனின் கார்டியன் பத்திரிகையின் நிருபராகவும் இருந்தார். பத்திரிகைக்காக அலைந்ததுதான் வானொலிக்கும் தீனி. புத்தகமும் அப்படித்தான் வந்தது: சோவியத் உளவாளி என்று சந்தேகிக்கப்பட்ட முன்னாள் அமெரிக்க அதிகாரி ஆல்ஜர் ஹிஸ்ஸின் வழக்கு விசாரணையில் தினமும் உட்கார்ந்து செய்தி அனுப்பியவர், 1950இல் அதையே நூலாக்கினார்.

சரி, கொட்டாவிக்கு வருவோம். குக்கும் ஒவ்வொரு பேச்சையும் முதலில் தட்டச்சு செய்துவிட்டுத்தான் மைக் முன் உட்கார்ந்தார், ஆனால் அவர் எழுதியது காதுக்கு. "மாவட்ட நிர்வாகம் மேற்கொண்ட நடவடிக்கைகளின் விளைவாக ஏரியின் நீர்மட்டம் உயர்ந்துள்ளது" என்பதை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், பாதியிலேயே மூச்சு முட்டும். "நேத்து நான் நின்ன படி இன்னைக்குத் தண்ணிக்குள்ள இருக்கு" என்றால் கேட்பவர் ஏரிக்கரைக்கே வந்துவிடுவார், மாவட்ட நிர்வாகத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

1968 ஜூனில், அமெரிக்க அதிபர் தேர்தலுக்கு நின்ற ராபர்ட் கென்னடி சுடப்பட்டபோது குக் அதே லாஸ் ஏஞ்சலஸ் ஹோட்டலில், சில அடி தூரத்தில் இருந்தார். அந்த வாரம் அமெரிக்க அரசியலின் எதிர்காலம் என்று தலைப்புப் போட்டு அவர் முழங்கியிருக்கலாம், யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவரோ தான் அங்கே எப்படிப் போய்ச் சேர்ந்தார், சமையற்கட்டு ஓரத்துக் கூட்டத்துக்குள் நுழைந்து எதைப் பார்த்தார் என்றுதான் சொன்னார். கண்ணால் பார்த்த ஒன்றைப் பிடித்துக்கொண்டு பெரிய விஷயத்துக்குள் போவதுதான் அவர் கைப்பழக்கம். சில வாரம் சுற்றி வளைத்துச் சலிப்பூட்டுவார் என்பதும் உண்மை, அந்தச் சலுகை உங்களுக்கு இப்போது கிடையாது.

ஆகவே, இந்த வாரம் நீங்கள் அனுப்பிய செய்திகளில் ஆசிரியர் வெட்டிப்போட்ட ஒரு காட்சியை எடுங்கள். எழுதும்போதே வாய்விட்டுச் சொல்லுங்கள், நாக்கு தடுக்கும் சொல்லை அந்த இடத்திலேயே மாற்றுங்கள். கால் மணி நேரத்துக்குள் நிறுத்துங்கள். நான்கு வாரத்துக்கு இப்படிப் பதிவு செய்து கையில் வைத்துக்கொண்டு, அப்புறம் முதல் பாகத்தை வெளியிடுங்கள். அதற்கு முன், வெளியில் பேச உங்கள் பத்திரிகை அனுமதிக்கிறதா என்று நியமனக் கடிதத்தை எடுத்துப் பார்த்துவிடுங்கள்.