மூட்டு மாற்று: மலையிலிருந்து வந்த கேள்விகள்

மூட்டு நோய் பற்றி மலைப்பகுதி வாசகர்கள் கேட்டவற்றை இந்த இதழில் எடுத்துக்கொண்டிருக்கிறோம். எலும்பு மூட்டு அறுவை நிபுணரும் பிசியோதெரபிஸ்ட்டும் சேர்ந்து பதில் தருகிறார்கள்.

கேள்வி: அம்மாவுக்கு 61 வயது. எஸ்டேட்டில் கொழுந்து பறித்து ஓய்வு பெற்றவர். எக்ஸ்ரேயில் 'கிரேடு 4' தேய்மானம், இரண்டு முட்டியையும் உடனே மாற்ற வேண்டும் என்கிறார்கள். ஆனால் அவர் ரேஷன் கடைக்கு ஏறி இறங்கி வருகிறார், ராத்திரி நன்றாகத் தூங்குகிறார். என்ன செய்வது?
— வாசகர், குன்னூர்

பதில்: இப்போதைக்குப் பொறுக்கலாம். கிரேடு என்பது 1957-இல் கெல்கிரன், லாரன்ஸ் என்ற இருவர் வகுத்த 0 முதல் 4 வரையிலான எக்ஸ்ரே அளவு. எலும்புகளுக்கு நடுவே இடைவெளி எவ்வளவு குறைந்திருக்கிறது, ஓரத்தில் முள் வளர்ந்திருக்கிறதா என்பதை அது சொல்லும். வலி எவ்வளவு என்பதைச் சொல்லாது. நான்காம் கிரேடில் மலையேறுபவரும் உண்டு, இரண்டாம் கிரேடில் படுத்தே இருப்பவரும் உண்டு. அந்த எக்ஸ்ரே நின்றபடி எடுத்ததா என்றும் பாருங்கள். படுக்க வைத்து எடுத்தால் உடல் எடை மூட்டில் இறங்காது, இடைவெளி தவறாகத் தெரியும்.

ஆபரேஷனுக்கு நேரம் வந்துவிட்டது என்று நாங்கள் எடுத்துக்கொள்ளும் அடையாளங்கள் வேறு: ராத்திரி வலியால் விழிப்பது, வீட்டு வேலைக்கே நடை போதாமல் போவது, மூன்று மாதம் ஒழுங்காகப் பயிற்சி செய்தும் மாத்திரை போட்டும் பயனில்லாமை. இதில் 'ஒழுங்காக' என்ற சொல்லில்தான் பலர் தவறுகிறார்கள். நாற்காலியில் உட்கார்ந்து காலை நேராக நீட்டி, தொடையை இறுக்கி ஐந்து எண்ணும் வரை வைத்து இறக்க வேண்டும். ஒரு காலுக்குப் பத்து முறை, ஒரு நாளில் மூன்று வேளை. இரண்டு வாரத்தில் விட்டுவிட்டு 'பிசியோ பார்த்தாச்சு, கேட்கலை' என்று சொல்லக் கூடாது. கம்பு பிடித்தால் வலிக்கிற காலுக்கு எதிர்க் கையில் பிடிக்க வேண்டும். வலிக்கிற பக்கமே பிடிப்பதைத்தான் எங்கும் பார்க்கிறோம், அது பாரத்தைக் குறைக்காது. பிபி, கிட்னி தொந்தரவு இருந்தால் கடையில் கேட்டு வாங்கும் வலி மாத்திரையைத் தினமும் போட விடாதீர்கள்.

ஆனால் காத்திருப்பதற்கும் ஓர் எல்லை உண்டு. கால் வெளிப்பக்கமாக வில் போல வளைந்துகொண்டே போனாலோ, படுக்கையில் காலை நீட்டினாலும் முட்டி நேராகாமல் மடங்கியே நின்றாலோ தள்ளிப்போடாதீர்கள். கீழெலும்பின் (முட்டிக்குக் கீழே உள்ள கால் எலும்பு) உட்பக்கம் கரைந்து பள்ளமாகிவிட்டால், ஆபரேஷனில் சாதாரண செயற்கை உறுப்போடு கூடுதல் உலோகத் துண்டும் நீண்ட தண்டும் வைக்க வேண்டிவரும். செலவும் கூடும், பலனும் குறையும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அம்மாவை நிற்கவைத்து முன்னாலிருந்து ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். வளைவு கூடுவது அதில் தெரிந்துவிடும்.

கேள்வி: முட்டி மாற்று என்றால் முட்டியை வெட்டி எடுத்துவிடுவார்களா? தங்க நிற முட்டி, ரோபோ ஆபரேஷன் என்றெல்லாம் விலை சொல்கிறார்கள். எது நல்லது?
— வாசகி, கோத்தகிரி

பதில்: முட்டியை எடுத்துவிடுவதில்லை. தேய்ந்த மேற்பரப்பைச் சீவி எடுத்து அதன் மேல் புது மேற்பரப்பு பொருத்துகிறார்கள். தொடையெலும்பின் நுனியிலும் கீழெலும்பின் தலையிலும் சுமார் 8 முதல் 10 மில்லிமீட்டர் எலும்புதான் போகும். மேலே கோபால்ட்-குரோமியம் கலவைத் தொப்பி, கீழே உலோகத் தட்டு, நடுவில் பாலிஎத்திலீன் பிளாஸ்டிக். தேவைப்பட்டால் முட்டிச் சில்லின் பின்னால் ஒரு பிளாஸ்டிக் பொத்தான். இவற்றை எலும்போடு பிடிக்க வைப்பது எலும்பு சிமென்ட் என்கிற அக்ரிலிக். குழைத்த பத்துப் பதினைந்து நிமிடத்தில் இறுகிவிடும்.

உண்மையில் தேயும் பொருள் நடுவில் இருக்கும் அந்தப் பிளாஸ்டிக்தான். இங்கிலாந்தில் ஜான் சார்ன்லி இடுப்பு மூட்டுக்கு முதலில் டெஃப்லான் வைத்துப் பார்த்தார். சில ஆண்டுகளிலேயே அது அரைபட்டுத் தூளாகி, அந்தத் தூளால் மூட்டைச் சுற்றி வீக்கம் கிளம்பி, நோயாளிகளுக்கு மறுபடி கத்தி வைக்க வேண்டியதாயிற்று. 1962-இல் அவர் பாலிஎத்திலீனுக்கு மாறினார். இன்றைய மூட்டு மாற்று அங்கிருந்துதான் வருகிறது. எத்தனை வருடம் தாங்கும் என்பதற்கு நம்பகமான பதில், பல நாட்டுப் பதிவேடுகளைத் தொகுத்து 2019-இல் லான்செட் இதழில் வந்தது: முழு முட்டி மாற்றில் சுமார் 82 சதவீதம் 25 ஆண்டுக்குப் பிறகும் மாற்றப்படாமல் இருந்தன.

தங்க நிறம் டைட்டானியம் நைட்ரைடு பூச்சு. கம்மல், கடிகாரம் போட்டால் தோல் அரித்துச் சிவக்கிற, நிக்கல் ஒவ்வாமை உள்ளவர்களுக்கு அதை யோசிக்கலாம். மற்றவர்களுக்கு அது கூடுதல் ஆயுள் தரும் என்று நிரூபணமாகவில்லை. ரோபோ கையில் எலும்பு வெட்டும் கோணம் துல்லியமாக வருகிறது, உண்மை. அதனால் இருபது வருடத்துக்குப் பின் பலன் கூடுமா என்பதற்கு இன்னும் காலம் இருக்கிறது. பணம் பற்றாக்குறை என்றால் ரோபோவை விட்டுவிட்டு, வருடம் முழுக்க இதே ஆபரேஷனைச் செய்துகொண்டிருக்கிற கையைத் தேடுங்கள்.

விலையைப் பொறுத்தவரை, 2017 ஆகஸ்டில் மத்திய அரசின் மருந்து விலை ஆணையம் உச்சவரம்பு வைத்தது. கோபால்ட்-குரோமியம் முட்டி செட்டுக்கு அப்போது ஜிஎஸ்டி நீங்கலாக 54,720 ரூபாய். பில்லில் இம்ப்ளான்ட் விலையைத் தனியாகக் காட்டச் சொல்லுங்கள். உறுப்புகளின் பெட்டியில் இருக்கும் ஸ்டிக்கர்களையும் டிஸ்சார்ஜ் காகிதத்தில் ஒட்டித் தரச் சொல்லுங்கள். பின்னால் மறு ஆபரேஷன் வந்தால் அளவும் கம்பெனியும் தெரிய அதுதான் நம்பகமான வழி.

கேள்வி: அப்பாவுக்கு மதுரையில் முட்டி மாற்று செய்யப்போகிறோம். வீடு பூம்பாறையில், ரோட்டிலிருந்து நாற்பது படி இறங்க வேண்டும். குளிர் வேறு. எப்போது மேலே கூட்டி வரலாம்? வந்தபின் என்ன கவனம்?
— வாசகர், கொடைக்கானல்

பதில்: தையல் பிரிக்கும்வரை, அதாவது 12 முதல் 14 நாள், கீழேயே ஒரு சொந்தக்காரர் வீட்டிலோ ஆஸ்பத்திரிக்குப் பக்கத்து அறையிலோ வைத்திருங்கள். காயத்தில் கசிவு வந்தாலும் மூட்டு இறுகினாலும் முதலில் தெரிவது அந்த இரண்டு வாரத்தில்தான். அதற்காக ஒவ்வொரு முறையும் வத்தலக்குண்டு வழியாக இறங்கி ஏறுவது ஆகிற காரியமில்லை.

மேலே வரும் நாளில் முன் சீட்டைப் பின்னுக்குத் தள்ளி உட்கார வையுங்கள். மணிக்கு ஒருமுறை வண்டியை நிறுத்தி ஐந்து நிமிடம் வாக்கரில் நடக்க வேண்டும். உட்கார்ந்திருக்கும்போது பாதத்தை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டே இருக்கட்டும். ரத்தம் உறையாமலிருக்கக் கொடுத்த மாத்திரையை ஒருவேளைகூட விடக் கூடாது. மலையில் இருப்பவர்கள் குறிப்பாகத் தெரிந்துகொள்ள வேண்டியது இது: கெண்டைக்கால் ஒரு பக்கம் மட்டும் வீங்கி வலித்தாலோ, திடீரென்று மூச்சு வாங்கினாலோ 'உயரத்துக்கு வந்ததால்' என்று விட்டுவிடாதீர்கள். காலில் உறைந்த ரத்தக்கட்டி நுரையீரலுக்குப் போயிருக்கலாம். உடனே 108.

குளிரில் மூன்று தவறு நடக்கும். முதலாவது, கம்பளிக்குள் முட்டியை மடக்கிச் சுருண்டு படுப்பது, அல்லது சுகமாக இருக்கிறதென்று முட்டிக்கு அடியில் தலையணை வைப்பது. ஒரு மாதம் அப்படிப் படுத்தால் மூட்டு முழுக்க நீளாது, பிறகு ஆயுளுக்கும் விந்தி நடக்க வேண்டியதுதான். தலையணையைக் குதிகாலுக்கு அடியில் வையுங்கள், முட்டி அந்தரத்தில் தொங்கட்டும். இரண்டாவது, ஐஸ் வைக்கத் தயங்குவது. மூட்டுக்குள் நீர் கோத்திருக்கும்வரை தொடைத் தசை இறுகவே இறுகாது. மற்ற உடம்பைப் போர்த்திவிட்டு, துணியில் சுற்றிய ஐஸை முட்டியில் 15 நிமிடம், ஒரு நாளில் நான்கு முறை வையுங்கள். மூன்றாவதுதான் மோசம்: வெந்நீர்ப் பையும் கணப்பும். தழும்புக்கு வெளிப்பக்கம் உள்ளங்கை அகலத்துக்குத் தோல் மரத்திருக்கும். கீறலில் ஒரு சிறு நரம்புக் கிளை அறுபடுவது தவிர்க்க முடியாதது, அதனால் பயமில்லை. ஆனால் அந்த இடத்தில் சூடு பட்டால் தெரியாது. கொப்புளம் வந்த பிறகுதான் கண்ணில் படும். நீலகிரித் தைலமும் தழும்பு முழுக்க ஆறும்வரை கூடாது. ஆபரேஷனுக்கு முன்னாலும் தைலம் தேய்த்து ஒத்தடம் கொடுத்துத் தோல் வெந்து வருபவர்களைத் திருப்பி அனுப்ப வேண்டியிருக்கிறது, தோலில் புண் இருந்தால் கத்தி வைக்க முடியாது.

பயிற்சிக் கணக்கு: இரண்டு வாரத்தில் முழு நீட்டமும் 90 டிகிரி மடக்கலும், ஆறு வாரத்தில் 110. படி ஏறி இறங்கக் கிட்டத்தட்ட 90 முதல் 100 டிகிரி வேண்டும். வலிக்கிறதே என்று முதல் மாதத்தைச் சும்மா விட்டால் உள்ளே தழும்புத் திசு கட்டிக்கொள்ளும். ஆறு வாரத்திலும் 90 வரவில்லையென்றால் நிபுணரிடம் காட்டுங்கள். மயக்கம் கொடுத்து மடக்கிவிடலாம், ஆனால் மூன்று மாதம் தாண்டினால் அதற்கும் மசியாது. நாற்பது படிக்கு ஒரு பக்கமாவது கைப்பிடிக் குழாய் போட்டுவிடுங்கள். ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது ஆபரேஷன் செய்த கால் முதலில். குந்தும் கழிப்பறைக்கு மேல் வைக்கும் கமோடு நாற்காலியை ஆபரேஷனுக்கு முன்பே வாங்கி, அதில் உட்கார்ந்து எழுந்து பழகட்டும்.

கடைசியாக, காயம். ஏழு நாள் கடந்தும் கசிந்தால், அல்லது காய்ந்த காயம் மறுபடி திறந்தால், பக்கத்து கிளினிக்கில் ஆன்டிபயாட்டிக் வாங்கிப் போடாமல் ஆபரேஷன் செய்தவரிடமே போங்கள். மூட்டு நீரை ஊசியில் எடுத்துப் பரிசோதிக்கும் முன் மாத்திரை போட்டுவிட்டால் கிருமி பரிசோதனையில் அகப்படாது. உலோகத்தின் மேல் அது படலம் கட்டி ஒட்டிக்கொண்டபின் மாத்திரைக்குக் கட்டுப்படாது. முதல் சில வாரத்தில் பிடித்தால் கழுவி, பிளாஸ்டிக்கை மட்டும் மாற்றித் தப்பிக்கலாம். தாமதித்தால் பொருத்திய எல்லாவற்றையும் கழற்ற வேண்டும்.

கேள்வி: வயது 34. ஆறு மாதமாக முட்டி வலி, முட்டி எக்ஸ்ரே நார்மல். இப்போது இடுப்பில் ரத்த ஓட்டம் இல்லை என்கிறார்கள். தோல் நோய்க்கு நெடுநாள் ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டேன்.
— வாசகர், ஊட்டி

பதில்: இடுப்பு மூட்டின் வலி முட்டியில் தெரிவது புதிதல்ல. முட்டியில் குறை தெரியாதபோது இடுப்பைத் திருப்பிப் பார்க்காததால் மாதங்கள் போய்விடுகின்றன. நெடுநாள் ஸ்டீராய்டும் மதுவும்தான் தொடையெலும்பின் பந்து சாக முக்கியக் காரணங்கள். ஆரம்பத்தில் எக்ஸ்ரேயில் எதுவும் தெரியாது, எம்ஆர்ஐ வேண்டும். இரண்டு பக்கமும் எடுங்கள், மறுபக்கமும் பாதிக்கப்பட்டிருப்பது சகஜம். பந்து உருண்டையாக இருக்கிறதா, அமுங்கிவிட்டதா என்பதுதான் எல்லாவற்றையும் முடிவு செய்யும். அமுங்கவில்லையென்றால் துளையிட்டு உள் அழுத்தத்தைக் குறைக்கும் சிறு ஆபரேஷன் செய்து, ஆறு வாரம் பாரம் குறைத்து நடக்கலாம். எல்லோருக்கும் பலிக்காது, ஆனால் முயலத் தக்கது. அமுங்கிவிட்டால் துளையிடுவது வீண். வலி தாங்கும்வரை தாங்கி, பிறகு முழு இடுப்பு மாற்று. ஸ்டீராய்டைத் திடீரென்று நீங்களாக நிறுத்தாதீர்கள், எழுதிக் கொடுத்த மருத்துவர்தான் படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

கேள்வி: எனக்கு முடக்கு வாதம். மெத்தோட்ரெக்ஸேட் சாப்பிடுகிறேன். முட்டி மாற்றுக்கு முன் அதை நிறுத்தணுமா?
— வாசகி, கூடலூர்

பதில்: வேண்டாம். மெத்தோட்ரெக்ஸேட்டை நிறுத்தினால் நோய் கிளம்பி, ஆபரேஷன் செய்த கால் தவிர மற்ற மூட்டெல்லாம் வீங்கிப் பிசியோவே செய்ய முடியாமல் போகும். வாரத்துக்கு ஒரே நாள் என்ற கணக்கு மட்டும் ஆஸ்பத்திரியிலும் மாறக் கூடாது. வார்டில் தவறுதலாகத் தினமும் கொடுத்தால் உயிருக்கே ஆபத்து, ஆகவே எந்தக் கிழமை என்று கேஸ் ஷீட்டில் எழுதச் சொல்லுங்கள். முடக்கு வாதத்துக்குப் பயலாஜிக் என்கிற வகை ஊசி போடுபவராக இருந்தால் கதை வேறு: அடுத்த ஊசி விழவேண்டிய நாள் கடந்தபின் ஆபரேஷனை வைத்து, தையல் பிரித்துக் காயம் ஆறியபின் மறுபடி தொடங்குவது வழக்கம்.

மயக்க மருத்துவரிடம் முடக்கு வாதம் என்று மறக்காமல் சொல்லுங்கள். கழுத்தின் முதலிரண்டு எலும்புகள் தளர்ந்திருக்கலாம், குனிந்தும் நிமிர்ந்தும் கழுத்து எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தபின்தான் மயக்கம் கொடுப்பார்கள். காலில் அட்டை கடித்துச் சொறிந்த புண் இருந்தால் அது முழுக்க ஆறட்டும், தேதி தள்ளிப்போனாலும் பரவாயில்லை.

கேள்வி: பிஆர்பி ஊசி, ஸ்டெம் செல் போட்டால் ஆபரேஷனே வேண்டாம் என்று விளம்பரம் வருகிறது. முட்டியைக் கழுவிவிட்டால் போதும் என்றும் சொல்கிறார்கள்.
— வாசகர், கோத்தகிரி

பதில்: கழுவுவதை முதலில் முடித்துவிடலாம். 2002-இல் அமெரிக்காவில் 180 பேரைப் பிரித்து, சிலருக்கு நுண்துளை வழியாகக் கழுவினார்கள் அல்லது சுரண்டினார்கள், சிலருக்குத் தோலை மட்டும் கீறித் தைத்தார்கள். வலியில் வித்தியாசமே வரவில்லை. தேய்மானத்துக்கு நுண்துளைக் கழுவல் தேவையில்லை. கிழிந்த ஜவ்வு இடையில் சிக்கி முட்டி உண்மையிலேயே பூட்டிக்கொள்பவருக்கு மட்டும் அது பொருந்தும்.

பிஆர்பி என்பது உங்கள் ரத்தத்தையே சுழற்றித் தட்டணுக்களைப் பிரித்து மூட்டில் போடுவது. 2021-இல் ஆஸ்திரேலியாவில் 288 பேரிடம் உப்பு நீர் ஊசியோடு ஒப்பிட்டார்கள். ஒரு வருடம் கழித்து வலியிலும் குருத்தெலும்பின் அளவிலும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. ஸ்டெம் செல்லைப் பொறுத்தவரை, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டுதல்படி மூட்டுத் தேய்மானத்துக்கு அது அங்கீகரித்த சிகிச்சை அல்ல, பதிவு செய்த ஆய்வாக மட்டுமே நடக்கலாம். ஆய்வு என்று சொல்பவரிடம் சிடிஆர்ஐ (இந்திய மருத்துவ ஆய்வுகளின் பதிவேடு) பதிவு எண் கேளுங்கள். எண் கொடுத்துவிட்டுப் பணமும் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள், ஆய்வில் சேர்பவரிடம் கட்டணம் வாங்கக் கூடாது.