பழைய காரும் பெட்ரோல் கன்னும்: கேள்வி பதில்

பத்து இருபது ஆண்டுகள் ஓடிய பெட்ரோல் கார்களில் எரிபொருள் நிரப்பும்போதும் நிரப்பிய பின்னும் வரும் தொல்லைகளைப் பற்றி வந்த கேள்விகளுக்கு, நெடுங்காலம் பட்டறை நடத்தியவன் என்ற முறையில் பதில் தருகிறேன்.

கேள்வி (ஈரோடு): ஐயா, என் 2004ஆம் ஆண்டு காரில் இரண்டு லிட்டர் ஏறுவதற்குள் ஆட்டோ கட் ஆகி, பெட்ரோல் விடும் கன் தானாகவே நின்றுவிடுகிறது. எந்த பெட்ரோல் பங்குக்குப் போனாலும் இதே கதைதான். ஊழியர் கன்னைப் பாதி அழுத்தி மெதுவாக விட்டால் மட்டும் ஏறுகிறது. டேங்கையே மாற்ற வேண்டும் என்கிறார் மெக்கானிக்.

பதில்: டேங்கை மாற்றாதீர்கள். கன்னின் நுனிக்கு அருகில் ஒரு சிறு துளை இருக்கும். பெட்ரோல் பாயும் வேகத்தில் கன்னுக்குள் உண்டாகும் உறிஞ்சல் அந்தத் துளை வழியே காற்றை இழுத்துக்கொண்டே இருக்கும். துளையைப் பெட்ரோல் மூடியதும் காற்று கிடைக்காமல் உள்ளே இருக்கும் சவ்வு இழுபட்டு, கொக்கியை விடுவித்துவிடும். ஆகவே டேங்க் நிறைந்தாலும் கன் நிற்கும், நிறையாமலேயே பெட்ரோல் கழுத்துவரை எதிர்த்து வந்தாலும் நிற்கும். உங்கள் காரில் நடப்பது இரண்டாவது. உள்ளே போகும் பெட்ரோலுக்கு இடம் கொடுத்து அதே அளவு காற்று வெளியேற வேண்டும். அதற்காகவே நிரப்பும் தடித்த குழாயோடு ஒட்டியபடி, டேங்கின் மேற்புறத்திலிருந்து மூடி வாய்வரை ஒரு மெல்லிய ரப்பர் ஹோஸ் வரும். மெதுவாக விட்டால் ஏறுகிறது என்பதால், அந்த வழி முழுதும் அடைபடவில்லை, குறுகிப்போயிருக்கிறது என்று கொள்ளலாம்.

முதலில் செலவில்லாத ஒன்றைச் செய்து பாருங்கள். கன்னை அரை அங்குலம் வெளியே இழுத்து, சற்றுத் திருப்பிப் பிடிக்கச் சொல்லுங்கள். அதிலேயே சரியானால் கோணம்தான் குற்றவாளி. இல்லையென்றால், நிரப்பும் வாய் இருக்கும் பக்கத்துப் பின்சக்கரத்தைக் கழற்றி, உள்ளே மண் படாமல் மறைக்கும் பிளாஸ்டிக் தட்டை நீக்கினால் இரண்டு ஹோஸ்களும் கண்ணில் படும். மெல்லியது எங்காவது மடிந்தோ நசுங்கியோ இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். வெளியே நன்றாகத் தெரிந்தாலும் உள் ரப்பர் ஊதி அடைத்திருக்கலாம். கழற்றி வாயால் ஊதினால் தெரிந்துவிடும். என் பட்டறைக்கு வந்த ஒரு காரில், பின்பக்கம் டிங்கரிங் செய்தவர்கள் அந்த ஹோஸைத் தகட்டுக்கும் தாங்கிக்கும் நடுவே வைத்து இறுக்கியிருந்தார்கள். உரிமையாளர் ஓராண்டாகப் பங்க் பங்காக மாறிக்கொண்டிருந்தார்.

இன்னொன்று. அமெரிக்கக் காணொளிகளில் இதே தொல்லைக்கு, டேங்கின் ஆவியைப் பிடித்து வைக்கும் கரி டப்பாவை மாற்றச் சொல்வார்கள். அங்கே 1998 மாடல் முதல் படிப்படியாக, நிரப்பும்போது வெளியேறும் ஆவியைக் காரிலேயே பிடித்துக் கரி டப்பாவுக்கு அனுப்பும் அமைப்பு வந்தது. நம் ஊர்ப் பழைய கார்களில் அந்த ஆவி பெரும்பாலும் மூடி வாய் வழியாகவே வெளியேறுகிறது என்பதால், அந்த அறிவுரை உங்களுக்கு வீண்செலவாகவே முடியும்.

கேள்வி (தஞ்சாவூர்): டேங்கை நிரப்பிவிட்டுப் புறப்படும்போது மட்டும் என் கார் உடனே ஸ்டார்ட் ஆவதில்லை, ஆக்சிலரேட்டரை முழுதாக மிதித்தால் இருமிக்கொண்டு எடுக்கிறது. மற்ற நேரங்களில் ஒரு குறையும் இல்லை.

பதில்: டேங்கின் ஆவியைச் சேர்த்து வைக்கும் கரி டப்பாவுக்கும் எஞ்சினுக்கும் நடுவே பர்ஜ் வால்வு என்று ஒன்று உண்டு. அது மூடாமல் சிக்கிக்கொண்டால், நிரப்பும்போது கிளம்பும் அடர்ந்த ஆவி நேரே எஞ்சினுக்குள் போய் மூச்சு முட்டச் செய்யும். மிதித்தால் கூடுதல் காற்று வருவதால் எடுக்கிறது. எஞ்சினை அணைத்து, வால்வைக் கழற்றி, மின் இணைப்பு இல்லாமல் ஊதிப் பாருங்கள். காற்று போனால் வால்வு கெட்டுவிட்டது. மாற்றுவது பத்து நிமிட வேலைதான்.

கேள்வி (சேலம்): ஆட்டோ கட் ஆன பிறகு ரூபாய் கணக்கைச் சரிசெய்ய இன்னும் கொஞ்சம் விடுவது தவறா?

பதில்: தவறுதான். டேங்கின் மேலே விட்டிருக்கும் காலியிடம், வெயிலில் பெட்ரோல் விரிவதற்கானது. அதையும் நிரப்பினால் திரவமே கரி டப்பாவுக்குள் போய், ஆவியைப் பிடிக்கும் கரியை நனைத்துக் கெடுத்துவிடும். முதல் முறை நிற்கும்போதே போதும் என்று சொல்லிவிடுங்கள்; சில்லறைக்காக டப்பாவை இழக்க வேண்டாம்.

கேள்வி (திருநெல்வேலி): மூடியைத் திறக்கும்போது ‘புஸ்’ என்று பலமாகக் காற்று இழுக்கிறது. நெடுந்தூரம் ஓட்டினால் வண்டி திணறி நின்றும் விடுகிறது. மூடியைத் திறந்து மூடினால் மறுபடி ஓடுகிறது.

பதில்: நோயை நீங்களே கண்டுபிடித்துவிட்டீர்கள். லேசான சத்தம் இயல்பு. ஆனால் பெட்ரோல் குறையக் குறைய அதன் இடத்துக்குக் காற்று வராவிட்டால் டேங்குக்குள் வெற்றிடம் உண்டாகி, பம்பால் இழுக்க முடியாமல் போகும். மூடியில் இருக்கும் சிறு வால்வு ஒட்டிக்கொண்டிருக்கலாம். அதே மாடலுக்குரிய புது மூடி போட்டுப் பாருங்கள். அதிலும் தீராவிட்டால், கரி டப்பாவிலிருந்து வெளிக்காற்றுக்குத் திறக்கும் குழாயின் முனையைப் பாருங்கள். நிழலில் நெடுநாள் நின்ற வண்டிகளில் குளவி மண் வைத்து அடைத்திருப்பதைக் கண்டிருக்கிறேன்.

கேள்வி (சென்னை): முழு டேங்க் போட்டால் இரண்டு நாட்களுக்குக் காருக்குள் பெட்ரோல் வாடை. இ20 பெட்ரோல்தான் காரணமா?

பதில்: அதன்மேல் மட்டும் பழி போட முடியாது; ஆனால் பங்கு உண்டு. 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் 2023இல் அறிமுகமாகிப் பரவியது. அதற்கு முன் செய்த பல வண்டிகளின் ரப்பர் பாகங்கள் அந்த அளவு எத்தனாலுக்கென்று தேர்ந்தெடுத்தவை அல்ல. ஏற்கெனவே வயதான ரப்பர் அதில் ஊறி இன்னும் தளரும். நிறைந்திருக்கும்போது மட்டும் வாடை வருவதால், டேங்கின் மேற்புறத்தையே சந்தேகிக்க வேண்டும். பின்சீட்டைத் தூக்கினால் பம்பின் மூடி தெரியும்; அதைச் சுற்றி ஈரமோ கறையோ இருந்தால் வாஷரை மாற்றுங்கள். நிரப்பும் ஹோஸில் வெடிப்பு இருந்தால் எத்தனாலைத் தாங்கும் பெட்ரோல் ஹோஸே வாங்குங்கள். தண்ணீர் ஹோஸை வெட்டிப் போட்டுவிடும் பழக்கம் நம் ஊரில் உண்டு. அதற்கு இடம் தராதீர்கள். வாடை தீரும்வரை காரை மூடிய ஷெட்டில் நிறுத்தவும் வேண்டாம்.

கேள்வி (மதுரை): காரோடு தந்த புத்தகத்தில் டேங்க் 35 லிட்டர் என்று போட்டிருக்கிறது, பங்கில் 37 லிட்டர் ஏறியதாக மீட்டர் காட்டியது. ஏமாற்றினார்களா?

பதில்: அதை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. விரிவுக்கான காலியிடமும் கழுத்துக் குழாயும் அந்த 35இல் சேராது. சந்தேகம் இருந்தால் பங்கிலேயே முத்திரையிட்ட 5 லிட்டர் அளவுப் பாத்திரத்தில் பிடித்துக் காட்டச் சொல்லுங்கள். அது உங்கள் உரிமை. 25 மில்லி லிட்டர் வரை வித்தியாசத்தை அனுமதிப்பார்கள்.

கேள்வி (நாகர்கோவில்): சீட்டுக்குக் கீழே இருக்கும் நெம்புகோலை இழுத்தாலும் பெட்ரோல் கதவு திறப்பதில்லை.

பதில்: ஒருவர் நெம்புகோலை இழுத்துப் பிடிக்க, மற்றவர் கதவை உள்ளங்கையால் மெல்லத் தட்டட்டும். திறந்துகொண்டால் கதவைத் தள்ளும் ஸ்பிரிங்தான் சோர்ந்திருக்கிறது. திறக்காவிட்டால், அந்தப் பக்கத்து டிக்கி மறைப்பை நீக்கிக் கேபிளின் முனையை நேரடியாக இழுங்கள். ஸ்க்ரூடிரைவரால் நெம்பினால் பெயின்ட் செலவும் சேரும்.